கென்ட் வயலில் 41 பட்டன்: இந்த '102' யாருடையது?

வயல்நண்டு

எல்லாருக்கும் வணக்கம். கென்ட்டில் ஃபாவர்ஷாம் பக்கம் இருக்கிறேன். போன வருஷம் ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பக்கத்துப் பண்ணைக்காரர், கோதுமை அறுத்த வயலில் நடந்து தேடிக்கொள்ள அனுமதி கொடுத்தார். தங்கம் வந்தால் பாதி அவருக்கு என்று பேச்சு. ஆறு சனிக்கிழமை நடந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் காசு மாதிரியே சத்தம் கொடுக்கும்; முழங்காலில் உட்கார்ந்து தோண்டினால் பட்டன். இதுவரை 41. தையல்கடை வைக்கலாம் என்கிறாள் மனைவி.

பாதிக்கு மேல் தட்டையானவை, பூ வேலை எதுவும் இல்லை. வெள்ளியும் ஈயமும் கலந்த மாதிரி நிறம், பின்னால் நூல் கோக்க ஒரு காது. மண்ணில் இத்தனை காலம் கிடந்தும் பச்சை பிடிக்கவில்லை.

இன்னொன்றின் பின்புறம் வட்டமாக 'ட்ரெபிள் கில்ட்' (மும்மடங்கு தங்க முலாம்) என்று எழுத்து. முன்பக்கம் லேசாக மஞ்சள் மின்னியது. இங்கேதான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். அம்மா குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி வைத்துத் தேய்த்தேன். மின்னல் போய்விட்டது.

மூன்றாவது பித்தளை. நடுவில் '102' தெளிவாகத் தெரிகிறது, சுற்றி இருந்தது தேய்ந்துவிட்டது. இந்த வயலில் சண்டை எதுவும் நடந்ததாகப் பண்ணைக்காரருக்குத் தெரியாது. அப்புறம் எப்படி இவ்வளவு பட்டன்?

பித்தளைராசா

புளியா! ஐயோ சாமி. குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, தேய்க்கத் தேய்க்கப் பித்தளைதான் வரும். உங்கள் பட்டனில் இருந்தது தங்க முலாம். அது எவ்வளவு மெல்லிசு தெரியுமா? 1796-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே சட்டம் போட்டது: ஓர் அங்குல அகலமுள்ள 144 பட்டனுக்குக் குறைந்தது 5 கிரெய்ன் தங்கம் இருந்தால்தான் 'கில்ட்' என்று சொல்லலாம். 5 கிரெய்ன் என்றால் கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அதை 144 பட்டனுக்குப் பிரித்துப் பாருங்கள். 'ட்ரெபிள்' என்று போட்டிருந்தாலும் புளிக்கும் எலுமிச்சைக்கும் தாங்காது. இனிமேல் காய்ச்சி வடித்த தண்ணீர், பல்குத்தும் குச்சி, மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான்.

இப்படிப் பின்னால் தரம் எழுதியவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. தட்டையான வெள்ளை நிறத்தவை டோம்பாக்காக இருக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்து, வெளுப்புக்குக் கொஞ்சம் ஆர்செனிக் சேர்த்த கலவை. 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பச்சை பிடிக்காதது அதனால்தான்.

102-இன் பின்பக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். உலோகம் பித்தளைதானே, நிச்சயமா?

கந்தல்காரி

தம்பி, சண்டையைத் தேட வேண்டாம். அந்த வயலில் முன்பு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் கொடி) போட்டார்களா என்று பண்ணைக்காரரிடம் கேளுங்கள். நான் யார்க்‌ஷயரில் பட்லியில் இருக்கிறேன். பழைய கம்பளித் துணியைக் கிழித்துத் திரும்ப நூலாக்கும் 'ஷாடி' தொழில் 1813 வாக்கில் இங்கேதான் தொடங்கியது. பெஞ்சமின் லா என்பவர் செய்தது. கோட்டு, சட்டை, பட்டாள உடுப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். நூலுக்கு உதவாத கழிவை எருவாக விற்றார்கள். கம்பளியில் நைட்ரஜன் உண்டு, மெதுவாக மக்கும், ஹாப்ஸ் கொடிக்கு நல்லது. கென்ட் தோட்டங்களுக்கு அது ஏராளமாகப் போனது. கந்தல் மக்கிப்போகும், தப்பி வந்த பட்டன் அப்படியே கிடக்கும்.

வயல்நண்டு

அக்கா, கேட்டுவிட்டேன். அவர் தாத்தா காலத்தில் அந்த வயல் முழுக்க ஹாப்ஸாம்! கூம்புக் கூரை போட்ட, ஹாப்ஸ் உலர்த்தும் கொட்டில் இன்னும் நிற்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆறு வாரம் தோண்டியிருக்கிறேன்.

102 பித்தளையேதான். பின்னால் 'லண்டன்' மட்டும் படிக்க முடிகிறது. புளி வைக்கவில்லை, சத்தியம்.

பித்தளைராசா

பித்தளை என்றால் விஷயம் சுலபம். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் பட்டனில் தன் எண்ணைப் போட வேண்டும் என்ற உத்தரவு 1767-இல் வந்தது. சிப்பாய்களுக்கு 1855 வரை பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவைப் பட்டன். அதன் பிறகு பித்தளை. 1871-இல் எண்ணை எடுத்துவிட்டு, அரச முத்திரை போட்ட பொதுப் பட்டன் கொடுத்தார்கள். ஆக, எண் போட்ட சிப்பாய்ப் பித்தளைப் பட்டன் அந்த 16 வருஷத்துக்குள்தான்.

102 என்ற எண்ணை முன்பு வைத்திருந்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போன நியூ சவுத் வேல்ஸ் படை. 1816-க்குப் பிறகு அதற்கு அந்த எண் இல்லை. நம் கணக்கில் விழும் 102, ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரப் பட்டாளம். 1857 எழுச்சிக்குப் பிறகு அரசியின் படையில் சேர்க்கப்பட்டு 1862-இல் இந்த எண்ணைப் பெற்றது. 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகிவிட்டது. 1748-இல் இதைத் திரட்டியவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில்.

அக்கா சொன்ன வழியில் வந்தது என்றால், அந்தச் சிப்பாய் உங்கள் வயலில் கால் வைத்திருக்கவே வேண்டியதில்லை.

வயல்நண்டு

கடலூரா? என் மாமனார் வீடு திருப்பாதிரிப்புலியூர். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டையின் இடிபாட்டைத் தாண்டித்தான் போவோம். மனைவியிடம் பட்டனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள் தையல்கடைப் பேச்சை எடுக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

பண்ணைக்காரர் தன் பாதியைக் கேட்டால் ட்ரெபிள் கில்ட்டைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இன்னும் ஆறு பட்டனில் ஏதோ விலங்கு உருவம் தெரிகிறது. நாளைக்குப் படம் போடுகிறேன்.