பூசத்துக் கொத்து தெரியவில்லை: தொலைநோக்கி பழுதா?

கேள்வி (நல்லூர்):
வணக்கம். என்னிடம் 70 மிமீ தொலைநோக்கி இருக்கிறது, குவியத்தூரம் 700 மிமீ. பூச நட்சத்திரத்துக்குள் இருக்கும் எம்44 என்ற நட்சத்திரக் கொத்தை மகளுக்குக் காட்ட ஆசை. அவளும் பூசம். தைப்பூசத்தன்று கோயிலால் வந்து, இரவு 11 மணிக்கு முற்றத்தில் தொலைநோக்கியைப் பூட்டி நிறுத்தினோம். 10 மிமீ பார்வைத்துண்டில் (கண் வைத்துப் பார்க்கிற சின்ன வில்லை) அங்கொன்று இங்கொன்றாக ஐந்தாறு வெள்ளிகள்தான் தெரிந்தன. பிள்ளை ஏமாந்து போய்ப் படுத்துவிட்டாள். வில்லை பழுதாகியிருக்குமா?

பதில் (பருத்தித்துறை):
வில்லையில் பிழை இல்லை அண்ணை, நாள்தான் பிழை. தைப்பூசம் என்றாலே முழுநிலவு பூசத்தோடு நிற்கிற நாள் அல்லவா? பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருக்க, மங்கலான வெள்ளிகள் எப்படித் தெரியும்? மாசி அமாவாசையை ஒட்டி 9 மணிக்கு மேல் பாருங்கள். நம் ஊரில் அப்போது கொத்து கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும்.

பதில் (காரைநகர்):
நிலவு பாதிக் காரணம்தான். குவியத்தூரம் 700ஐப் பார்வைத்துண்டின் 10ஆல் வகுத்தால் 70 மடங்கு பெருப்பித்துக் காட்டும். அதில் முக்கால் பாகை வானம்கூட அகப்படாது. கொத்தோ ஒன்றரைப் பாகை அகலம், மூன்று முழுநிலவை வரிசையாக வைத்தது போல. தேருக்கு அடியில் நின்றால் சில்லுத்தான் தெரியும்! 25 மிமீ துண்டு இருந்தால் போடுங்கள். 28 மடங்கில் முழுதும் உள்ளே வரும். என்னைக் கேட்டால் 10x50 (10 மடங்கு, 50 மிமீ வில்லை) பைனாகுலர்தான் இதற்கு நல்லது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து பார்த்தால் கை நடுங்காது, கழுத்தும் நோகாது.

இடம்: புனர்பூசத்தின் இரண்டு வெள்ளிகளுக்கும் மகத்துக்கும் நடுவே. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே பஞ்சுத் துணுக்கு மாதிரித் தெரியும். அந்தப் பஞ்சுக்குள் 40க்கு மேற்பட்ட வெள்ளிகள் இருப்பதாகக் கலிலியோ 1610இல் எழுதினார். அவருடைய கருவியைவிட உங்களுடையது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அமாவாசை. புங்குடுதீவில் அக்கா வீட்டு வளவில் இருந்து, இரவல் வாங்கிய 10x50இல் பார்த்தோம். மகள் 32 வரை எண்ணி, தவறவிட்டு, திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள். அவள் கையில் இருந்து வாங்கவே முடியவில்லை. உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: பத்து மணிக்குப் பிறகு வில்லையில் பனி படிந்தது. துடைக்கலாமா?

பதில் (காரைநகர்):
துடைக்க வேண்டாம். கடற்காற்றின் உப்பும் தூசும் சேர்ந்து கீறிவிடும். மூடாமல் வீட்டுக்குள் வைத்தால் தானாகக் காயும், காய்ந்த பிறகு மூடுங்கள். அப்புறம், சித்திரையில் விடிய நாலு மணிக்குப் பிள்ளையை எழுப்புங்கள். தெற்கே விருச்சிகத் தேளின் கொடுக்குக்குப் பக்கத்தில் எம்7 என்ற இன்னொரு கொத்து நிற்கும்.