சிங்கப்பூரில் ஒரே ஒரு நாள்: பிள்ளைகளோடு எல்லாவற்றையும் சுற்றுவதா, இரண்டே இடம் போதுமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், மாமியார், 5 வயது மகள், இரண்டரை வயது மகன். சனி, ஞாயிறு கல்யாணம். திங்கள் ஊர் சுற்ற, செவ்வாய் சாமான் வாங்க, புதன் திரும்ப. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம்தான் தங்குகிறோம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு பயண ஏற்பாட்டாளர் அட்டவணை அனுப்பியிருக்கிறார். காலை 8 மணிக்கு வேன். மெர்லயன், சைனாடவுன், ஆர்க்கிட் தோட்டம், சாப்பாடு, கேபிள் கார், சென்டோசா, இரவு ஒளிக்காட்சி, 10 மணிக்கு அறை. கணவருக்குப் பிடித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஓணம் லீவில் மலம்புழா தோட்டம், ரோப்வே, பாம்புப் பண்ணை, வரும் வழியில் பாலக்காட்டுக் கோட்டை என்று ஒரே நாளில் போனோம். கோட்டை வாசலில் சின்னவன் தரையில் புரண்டு அழுதான். பெரியவளிடம் இன்று கேட்டால் யட்சி சிலைகூட நினைவில்லை. அகழிக்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடியதை மட்டும் சொல்கிறாள்.

அதனால் காலையில் ஒரு தோட்டம், மதியம் தூக்கம், மாலையில் ஒரே ஒரு இடம் என்று நினைக்கிறேன். இது காசை வீணாக்குவதா?

வேலந்தாவளம் வியாபாரி:
தங்கச்சி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஆமாம், வீண்தான். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு விமானத்தில் தனி சீட்டு, அதற்குத் தனிக் காசு. உங்கள் சின்னவன் அந்தக் கணக்கில் வந்துவிட்டான். பாஸ்போர்ட், விசா, அறை வாடகை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். நான் காய்கறி மண்டியில் நின்று சேர்த்த காசில் மூன்று வருடம் முன்பு குடும்பத்தோடு போனேன். மறுபடி எப்போது போவேன் என்று தெரியாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் அறையில் தூங்கிவிட்டு வந்தால் ஊரில் வந்து என்ன சொல்வது? மரமும் புல்லும் நம் சித்தூர்ப் புழைக் கரையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அழுவார்கள், அப்புறம் சரியாகிவிடுவார்கள். பெரியவர்கள் பார்த்த மாதிரியாவது இருக்கும்.

சித்தூர் அப்பா:
அண்ணா, காசுக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் கடிகாரக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 8 மணிக்கு வேன் என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்தரை. குளிப்பாட்டிச் சாப்பிட வைக்க ஐந்து மணிக்கு முன்பே எழுப்ப வேண்டும். இரண்டு நாள் கல்யாண அலைச்சலுக்கு மேல் இதுவும் சேர்ந்தால் பத்து மணிக்கே கோட்டை வாசல் கதைதான்.

அதே கணக்கு மாலையில் நமக்குச் சாதகம். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) மரம் மாதிரி நிற்கும் அந்தப் பெரிய இரும்புக் கோபுரங்களின் ஒளிக்காட்சி 7.45க்கு. பிள்ளைக்கு அது சாயங்காலம் ஐந்தேகால். விளையாடும் நேரம்! காட்சி முடிந்து 9 மணிக்கு அறைக்கு வந்தாலும் அதன் உடம்பில் மணி ஆறரைதான். என் மகளை மூன்று வயதில் கூட்டிப்போனபோது இப்படித்தான் செய்தோம். காலை ஒன்பதரைக்குத்தான் வெளியே இறங்கினோம். அழுகை இல்லை.

தோட்டத்துக்கு நான் சொல்வது பூமலை. தாவரவியல் தோட்டத்தை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் பிள்ளைகளுக்கென்றே ஜேக்கப் பாலாஸ் தோட்டம் ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லை. பிள்ளை இல்லாத பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. தேக்காவிலிருந்து டவுன்டவுன் ரயிலில் மூன்றாவது நிறுத்தம். அதே ரயிலில் எதிர்ப்பக்கம் நான்காவது நிறுத்தம் பேஃப்ரண்ட், அங்கே இறங்கினால் இரும்பு மரங்கள். எங்கும் மாற வேண்டாம். 0.9 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு ரயில் கட்டணமும் கிடையாது. நாள் முழுவதுக்கும் வேன் எதற்கு?

வேலந்தாவளம் வியாபாரி:
கடிகாரக் கணக்கு சரி, நான் யோசிக்கவில்லை. ஆனால் தம்பி, எல்லாம் சொன்ன நீங்கள் கிழமையைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும். கரையோரப் பூந்தோட்டத்தில் இருக்கும் சிறுவர் தண்ணீர் விளையாட்டுப் பகுதியும் திங்கள் விடுமுறை. நாங்கள் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். என் பெண் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் அட்டவணை வேண்டும் என்கிறேன். ‘நிதானமாகப் போகலாம்’ என்று கிளம்பி எங்களுக்கு அந்த நாளே போயிற்று.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
அண்ணா, இந்த ஒரு வரிக்கே உங்களுக்குக் கோடி நன்றி. திங்களும் செவ்வாயும் மாற்றிக்கொள்கிறோம். சாமான் வாங்குவது திங்கள், சுற்றுவது செவ்வாய். கடைகள் திங்களும் திறந்திருக்கும்.

கோவிந்தாபுரம் பாட்டி:
உங்கள் மாமியாரைப் பற்றி யாருமே கேட்கவில்லையே அம்மா. எனக்கு 67 வயது. மகன் எங்களை இப்படித்தான் வேனில் ஏற்றி எட்டு இடம் காட்டினான். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏறி முட்டி வீங்கியதுதான் மிச்சம். பேரனைத் தூக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றேன். பெரியவர்கள் பார்க்கட்டும் என்று வேலந்தாவளத்துத் தம்பி எழுதுகிறார். பெரியவர்களுக்கும் மதியம் படுக்க வேண்டும் தம்பி. அதுவும் அந்த ஊர் வெயில் நம் பாலக்காட்டு வெயில் மாதிரி இல்லை. இங்கே கணவாய்க் காற்றாவது அடிக்கும். அங்கே வேர்த்துக் கொட்டும், மதியத்துக்கு மேல் சட்டென்று இடியோடு மழை பிடிக்கும். அந்த நேரம் அறையில் இருப்பதுதான் புத்தி.

மாமியாரைக் காலையில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போங்கள். தேக்காவிலிருந்து நடக்கும் தூரம். அவர் கும்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பட்டும், நீங்கள் பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போங்கள். எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று யார் சொன்னது?

மீனாட்சிபுரம் டீச்சர்:
நான் சொல்ல நினைப்பது வேறு ஒன்று. உங்கள் மகள் தமிழ் மீடியமா? இங்கே கேரளத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பேருந்துப் பலகை, ரேஷன் கடை, ஆபீஸ் எல்லாவற்றிலும் மலையாளத்தைப் பார்த்து வளர்கிறார்கள். தமிழ் வீட்டிலும் வகுப்பிலும் மட்டும்தான் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. சில்லறைக் காசில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருக்கும். ஒரு காசை மகள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு வரும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் ‘அபாயம்’ என்று பலகை இருக்கும். முதலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. அதற்கு நின்று பார்க்க நேரம் வேண்டும், வேன் ஜன்னலில் கிடைக்காது. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீருக்கும் அதே விதி. அபராதம் 500 டாலர் வரை. சின்னவனுக்குப் பாலை நிலையத்துக்கு வெளியிலேயே கொடுத்துவிடுங்கள்.

வேலந்தாவளம் வியாபாரி:
டீச்சர் சொன்னது மனதில் பட்டது. என் பெண்ணும் தமிழ் மீடியம்தான். அந்தக் காசை நான் அவளுக்குக் காட்டவே இல்லை.

ஆனாலும் மெர்லயனை விடச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 8.6 மீட்டர் உயரத்தில் சிங்கமும் மீனுமாக வாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டு நிற்கிறது. 1972இலிருந்து அந்த ஊரின் முகமே அதுதான். அதன் முன்னால் ஒரு குடும்பப் போட்டோ இல்லாமல் சிங்கப்பூர் போனேன் என்று எப்படிச் சொல்வது?

சித்தூர் அப்பா:
பேஃப்ரண்டில் ஐந்தரைக்கே இறங்குங்கள். நீர்க்கரைக்கு வந்தால் எதிர்க்கரையில் மெர்லயன் தெரியும், சின்னதாக. பிள்ளைகளுக்கு அது போதும். கிட்டே போய்ப் படம் எடுக்கப் பாலத்தைத் தாண்டி நடக்க வேண்டும். சின்னவனைத் தூக்கிக்கொண்டு நான் நடக்கமாட்டேன்.

வேலந்தாவளம் வியாபாரி:
நான் நடப்பேன்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
கணவரிடம் இதை முழுதும் வாசித்துக் காட்டினேன். வேனுக்கு முன்பணம் கட்டவில்லை, இனிக் கட்டவும் போவதில்லை. செவ்வாய் காலை அத்தை கோவில், நாங்கள் பூமலை. பன்னிரண்டரைக்கு தேக்கா உணவங்காடியில் சாப்பாடு, நான்கு மணி வரை தூக்கம். மாலையில் தண்ணீர் விளையாட்டு, அப்புறம் 7.45 காட்சி. மெர்லயனுக்கு அவர் மட்டும் திங்கள் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு போகட்டும் என்றேன். அத்தை உடனே, “நானும் வருகிறேன்” என்று செருப்பை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.