குறைதீர்ப்புக் குழுவில் மாணவர் பிரதிநிதி: ஓட்டு இல்லாமல் என்ன செய்ய முடியும்?

கேள்வி (பொருளியல், மூன்றாமாண்டு)

தமிழ்நாட்டில் ஒரு அரசு கலைக் கல்லூரி. இந்த வருடம் மாணவர் குறைதீர்ப்புக் குழு, ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிக் குழு) இரண்டுக்கும் மாணவர் தரப்பில் என்னைப் போட்டிருக்கிறார்கள். குறைதீர்ப்புக் குழு ஆணையில் 'சிறப்பு அழைப்பாளர்' என்று இருக்கிறது. அப்படியென்றால் ஓட்டு உண்டா? முதல் கூட்டத்துக்கு என்ன தயார் செய்யணும்? நான் பேசியது மினிட்ஸில் வராவிட்டால் என்ன வழி? விவரம் தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (விதிமுறை வாசகர்)

இரண்டும் வேறு வேறு இடம்மா, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குறைதீர்ப்புக் குழுவுக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறை பொருந்தும். தலைவராக ஒரு பேராசிரியர், உறுப்பினர்களாக நான்கு பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். மாணவர் பிரதிநிதி படிப்பு, விளையாட்டு அல்லது கலைத்திறன் பார்த்து நியமிக்கப்படும் சிறப்பு அழைப்பாளர். உறுப்பினர்களுக்கு இரண்டு வருடம், உங்களுக்கு ஒரு வருடம். கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) மூன்று பேர். அதில் உங்களை எண்ணுவதில்லை. முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் உட்காரவும் பேசவும் உங்களுக்கு இடம் உண்டு.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை நாட்கணக்குகள். புகார் கைக்கு வந்ததிலிருந்து கூடியவரை 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை கொடுக்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால், அது கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்பர்சன்) மேல்முறையீடு. பல பேர் இந்த இரண்டாவது 15 நாளைத்தான் தவற விடுகிறார்கள். முடிவை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, எழுத்தில் தர இழுத்தடிப்பார்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்றே மாணவருக்குத் தெரியாது. "முடிவைத் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்" என்று கூட்டத்திலேயே கேளுங்கள். அதற்கு ஓட்டு தேவையில்லை.

அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது, அறிவித்ததற்கு மேல் கட்டணம், உதவித்தொகை தாமதம், ரிசல்ட் தாமதம், இட ஒதுக்கீட்டு மீறல் எல்லாம் இந்தக் குழுவுக்குள் வரும். வெறுமனே மறுமதிப்பீடு கேட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனால் எடுக்க மாட்டார்கள். முடிவையே மாற்றியிருக்கக்கூடிய குறிப்பான முறைகேட்டையோ, பாகுபாட்டையோ காட்ட வேண்டும்.

பாலியல் தொந்தரவுப் புகார் மட்டும் இங்கே வரவே கூடாது. அது உள் புகார்க் குழுவுக்கு உரியது. "இங்கேயே பேசி முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே மறுப்பு தெரிவியுங்கள். அந்தக் குழுவில் புகார் மூன்று மாதத்துக்குள் தரப்பட வேண்டும் (காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்), விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரானால் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்களிலிருந்து மூன்று பேர் உட்கார வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். பிரின்சிபாலே பெயர்களை எழுதிப் போடுவது விதிக்கு முரண்.

பதில் 2 (கூட்டக் குறிப்பு)

ஐ.க்யூ.ஏ.சி. பற்றி. அங்கே மாணவர் பிரதிநிதி முழு உறுப்பினர். காலாண்டுக்கு ஒரு முறையாவது கூடணும், கோரம் மூன்றில் இரண்டு பங்கு. கூட்டக் குறிப்பும் எடுக்கப்பட்ட நடவடிக்கை அறிக்கையும் கல்லூரி இணையதளத்தில் இருக்க வேண்டும். முதலில் போய்ப் பழைய நான்கு கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். முந்தைய பிரதிநிதி கேட்டு நிறைவேறாமல் கிடப்பது எது என்று அதிலேயே தெரியும்.

இனி தயாரிப்பு. "குடிநீர் சரியில்லை" என்று கூட்டத்தில் சொன்னால் "பார்க்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு வகுப்பு கிளாஸ் ரெப்பிடமும் இரண்டு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள்: எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் குழாய், எந்தெந்த நாள். "இரண்டாம் மாடியில் மூன்று குழாயில் இரண்டு, 12 வேலை நாளில் 9 நாள் வறட்சி" என்று எழுதிக் கொடுத்தால் அதை மறுக்க யாராவது எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு விஷயம் போதும். பத்துப் புகாரைக் கொண்டுபோனால் அவர்களுக்குச் சுலபமான இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். ஒரே பக்கக் குறிப்பு: என்ன பிரச்சினை, எத்தனை பேருக்கு, எந்த விதி, நீங்கள் கேட்பது என்ன. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். 'இதர பொருள்கள்' வரும் நேரத்தில் எல்லாரும் பை எடுத்துவிடுவார்கள்; அப்போது எழுப்புகிற விஷயம் பெரும்பாலும் குறிப்பில் ஏறாது.

மினிட்ஸில் "விவாதிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. "தீர்மானிக்கப்பட்டது", யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே நீங்கள் புரிந்துகொண்டதை நாலு வரி மின்னஞ்சலாக ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். வரைவில் விட்டுப்போனால் அந்த மின்னஞ்சலைக் காட்டித் திருத்தம் கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் பழைய குறிப்பை உறுதிசெய்யும்போது கேட்பதுதான் முறை. அதைத் தாண்டினால் கஷ்டம்.

உங்களுடையது அரசுக் கல்லூரி என்பதால் இணையதளத்தில் ஏற்றாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள். ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே மனு போட்டால் அடுத்த எட்டு மாதம் உங்களிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

பதில் 3 (பீடச் சபை, இலங்கை)

எங்கட பக்கத்து நிலைமையையும் சொல்றன். இலங்கையில 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி ஒவ்வொரு பீடச் சபையிலும் (ஃபேகல்டி போர்டு) அந்தப் பீட மாணவர்கள் தெரிவு செய்யிற இரண்டு மாணவர் இருப்பினம். நியமனம் இல்லை, தேர்தல். மூதவையில (செனட்) மாணவருக்கு இடமில்லை. அதால பாடத்திட்டம், நேரசூசி மாதிரி விசயங்களைப் பீடச் சபையிலயே பிடிக்கவேணும். மூதவைக்குப் போன பிறகு எங்கட குரல் அங்க இல்லை.

தங்கச்சி, ரெண்டு நாட்டுக்கும் பொருந்துறது ஒன்று: புகார் குடுத்தவரின்ர பெயரை வட்ஸ்அப் குழுவில போடவேண்டாம். என்ன முடிவு என்று மட்டும் சொல்லுங்கோ. உங்கட சொந்தத் துறை ஆசிரியர் மேல புகார் வந்தால், தலைவரிட்ட முன்கூட்டியே சொல்லி அந்த விசாரணையில இருந்து விலகுங்கோ. இல்லாட்டி தீர்ப்பு சரியாய் இருந்தாலும் அதை உடைக்க அந்த ஒரு காரணமே போதும்.

கேட்டவர்

நன்றி. ஐ.க்யூ.ஏ.சி. கூட்டம் இந்தக் காலாண்டில் இன்னும் அறிவிக்கவே இல்லை. நானே கேட்கலாமா?

பதில் 2 (கூட்டக் குறிப்பு)

தாராளமாக. ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள், நகல் பிரின்சிபாலுக்கு. "ஏன் கூட்டவில்லை" என்று கேட்க வேண்டாம். "இந்தக் காலாண்டுக் கூட்டத்துக்கு இரண்டு பொருள் தருகிறேன், தேதி தெரிவிக்கவும்" என்று எழுதி, அந்த ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்துவிடுங்கள்.