டையீ நகரம் எங்கே போனது? அங்கே இன்று என்ன மிஞ்சியிருக்கிறது?

கேள்வி: கனடாவின் க்ளாண்டைக் பகுதியைத் தேடிப் போன தங்க வேட்டையின்போது (1897–98) அலாஸ்காவில் ஆயிரக்கணக்கானோர் குடியேறிய டையீ, ஓரிரு ஆண்டுகளில் காலியானது ஏன்? ஊர் இருந்த இடத்தை எதை வைத்து அடையாளம் காண்பது?

மறுமொழி 1: காரணம் ரயில். சில்கூட் கணவாய் வழியாகக் கனடாவின் பென்னட் ஏரிக்குப் போகும் 53 கி.மீ. நடைபாதை டையீயில்தான் தொடங்கியது. கனடா எல்லையைக் கடக்க ஒரு வருட உணவு கட்டாயமாக இருந்தது. கருவிகளோடு சேர்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். அதைச் சிறு சிறு சுமையாகப் பலமுறை ஏறி இறங்கிச் சுமந்தார்கள். 1898 ஏப்ரல் 3 பனிச்சரிவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பக்கத்து ஸ்காக்வேயிலிருந்து போட்ட ரயில்பாதை 1899 ஜூலையில் பென்னட் ஏரியை எட்டியதும், இந்தப் பாதைக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

மறுமொழி 2: துறைமுகக் குறையையும் சேர்க்க வேண்டும். கரை நெடுந்தூரம் ஆழமற்ற சேற்றுத்திட்டு. சரக்கைத் திட்டில் இறக்கி, கடல் ஓதம் ஏறுமுன் மேட்டுக்கு நகர்த்தாவிட்டால் மாவும் சர்க்கரையும் பாழ். நீண்ட மரத்துறை கட்டி முடிப்பதற்குள் கூட்டமே வடிந்துவிட்டது.

மறுமொழி 3: வீடுகளைத் தேடாதீர்கள், பலகைக்காகப் பிரித்துவிட்டார்கள். டையா என்னும் ஆறும் ஊரின் பெரும்பகுதியை அரித்தது. முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு நிலத் தரகு அலுவலக முகப்பு, துறையின் மரத்தூண் வரிசை, பனிச்சரிவில் இறந்தோரின் கல்லறை இவையே முக்கிய அடையாளங்கள். தூண்கள் இப்போது புல்வெளியில் நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்: பனியாறுகளின் பாரம் குறைந்ததால் நிலம் மெல்ல உயர்கிறது, கடல் பின்வாங்கிவிட்டது.