வெள்ளவத்தை வீட்டுக்கு வினைல் தரை: தடிப்பை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கடலோரவீடு:
வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இன்னமும் சிவப்புச் சீமெந்துத் தரைதான் இருக்கிறது. முன் மண்டபத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பு நடத்தவும், மேல்மாடி அறைகள் இரண்டை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒதுக்கவும் எண்ணியுள்ளோம். தரையை உடைத்து டைல்ஸ் பதிக்கும் தூசிக்கு அஞ்சியே, தரைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தளமான வினைல் பற்றி விசாரித்தேன். ஒரு கடையில் 5 மில்லிமீற்றர் பலகையைக் காட்டி இரண்டு தளங்களுக்கும் இது போதும் என்றார்கள். இன்னொரு கடையில் 2 மில்லிமீற்றர் சுருளைக் காட்டி, வைத்தியசாலைகளில் விரிப்பது இதைத்தான் என்றார்கள். மெல்லியது எப்படிக் கூடுதல் உறுதியாக இருக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

தளவேலை:
இரு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை; ஆனால் முதலாமவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பலகையில் நீங்கள் காணும் மரம் வெறும் அச்சுப் படம். அதன் மேல் கண்ணாடிபோல் தெளிவான தேய்மானப் படலம் ஒன்று உண்டு. செருப்பு மணலையும் கதிரைக் கால்களையும் தாங்குவது அதுதான். அது தேய்ந்து படம் அழிந்தால், மரத்தளத்தைப்போல் சீவி மெருகூட்ட முடியாது. படுக்கையறைக்கு 0.3 மில்லிமீற்றர் படலம் போதும். வகுப்புக்கும் கடைக்கும் 0.5 அல்லது 0.55 வேண்டும். பெட்டியில் 5 மில்லிமீற்றர் என்ற மொத்தத் தடிப்பு பெரிய எழுத்தில் இருக்கும், ஆனால் படலத்தின் தடிப்பைத்தான் தேட வேண்டும். அருகில் 23, 33 போன்ற ஈரிலக்க வகுப்பெண் இருந்தால், 2இல் தொடங்குவது வீட்டுப் பாவனைக்கும், 3இல் தொடங்குவது வணிகப் பாவனைக்கும் உரியது.

வைத்தியசாலைச் சுருள்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையால் ஆனவை. தேய்ந்து போவதற்கு அங்கே படமே இல்லை. மூட்டுகளைச் சூடாக்கி உருக்கி இணைத்து, ஓரங்களைச் சுவரில் சற்று மேலேற்றுவதால் நீர் உட்புகாது. ஆனால் மரம்போன்ற அழகை எதிர்பார்க்க வேண்டாம்.

பழையவீடு:
எனக்கு வினைலைவிட உங்கள் சீமெந்துத் தரைதான் கவலை தருகிறது. பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் கிடையாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் இன்று எவருக்கும் தெரியாமல் காற்றில் உலர்கிறது. வினைலை ஒட்டினால் அந்த வழி அடைபட்டு, சீமெந்தின் காரத்தோடு சேர்ந்த ஈரம் பசையை இளக்கிவிடும். எங்கள் கந்தோரில், ஒப்பந்தக்காரர் ஒருவர் எதையும் சோதிக்காமல் ஒட்டிய பலகைகள் ஒக்டோபர் மழையோடு ஓரம் கிளம்பி, புழுங்கல் நாற்றமும் வீசத் தொடங்கியது. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளாகப் பூசிய மெழுகும் இருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது.

கடலோரவீடு:
மூன்று இடங்களில் ஒட்டினேன். சுவரோரத்தில் பொலித்தீனின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, நடுவில் தரை கறுத்திருந்தது. பசை இல்லாமல் கொளுவும் பலகை என்றால் தப்பலாமா?

தளவேலை:
சுண்ணாம்புக்கல் தூள் கலந்த அந்தப் பலகை நீரில் ஊதாது என்பது உண்மை. ஆயினும் அடியில் தேங்கும் ஈரம் எங்கும் போகாது, பூஞ்சணம் அங்கேதான் வளரும். ஈரத்தடுப்புப் பூச்சுக்குச் செலவிட மனமில்லையென்றால் கீழே சிவப்புத் தரையை அப்படியே வைத்திருங்கள்; பிள்ளைகளின் கதிரைக்கு அதைவிட உறுதியான தளம் எளிதில் கிடைக்காது. மேல்மாடிக்கு மட்டும் 0.3 படலப் பலகை வாங்குங்கள். கடற்பக்க யன்னலால் மாலை வெயில் விழும் அறையில் பலகை விரியும் என்பதால், சுவரோரம் சுமார் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பட்டியால் மறைக்கச் சொல்லுங்கள். அப்பாவின் கட்டிலடியில் றப்பர் விரிப்பைப் போட வேண்டாம். அது வினைலில் மஞ்சள் கறையை ஏற்படுத்தும், தேய்த்தாலும் போகாது.