புதுப்பிப்பு: மலை விடுதியில் இருவருக்கு ஸ்லீப்பிங் பேக்

இரண்டு ஸ்லீப்பிங் பேக்கை ஜிப்பால் இணைத்து இருவரும் படுக்கலாம் என்று முன்பு எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒன்றில் ஜிப் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் இருக்க வேண்டும். ஜிப் பல்லின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் என்றால் ஒன்றைக் கவிழ்த்துத்தான் இணைக்க முடியும். அப்போது ஒருவரின் தலைமூடி முகத்துக்கு மேல் வந்து விழும். சரியான ஜோடியாக இருந்தாலும் இரண்டு கழுத்துக்கும் நடுவே இடைவெளி விழும், குளிர் இறங்குவதே அந்த வழியாகத்தான். ஒரு மஃப்ளரைச் சுருட்டி அங்கே அடைத்துவிடுங்கள்.

பேக்கின் லேபிளில் 'கம்ஃபர்ட்' (வசதியாகத் தூங்கக்கூடிய குளிர்), 'லிமிட்' (சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர்) என்று இரண்டு வெப்பநிலை இருக்கும். முதலாவது சராசரிப் பெண்ணுக்கும் அடுத்தது சராசரி ஆணுக்கும் கணக்கிட்டது. வாங்கும்போது இருவருக்குமே கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவார வானிலையை நம்பினால் இரவெல்லாம் நடுக்கம்தான்.

அப்புறம், நனைந்த ஷூ. ஹீட்டர் மேல் வைத்தால் சோலின் பசை விட்டுவிடும். உள்ளட்டையை உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் ஊறியதும் மாற்ற வேண்டும், இதைத்தான் பலர் செய்வதில்லை.