கவிதை வாசிக்கும் முன் விளக்கம் சொல்லலாமா?

புதுவரி:
போன ஞாயிறு எங்கள் ஊர் நூலகக் கவியரங்கில் முதல்முறையாக வாசித்தேன். அப்பா இறந்த பிறகு அவர் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் போட்டதைப் பற்றிப் பன்னிரண்டு வரி. புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கடைக்காரர் எடை போட்டது, பெல்லை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தது என்று முன்னாலேயே ஐந்து நிமிடம் பேசிவிட்டேன். முடித்ததும் ஒரு பெரியவர், "தம்பி, பேசினதே நல்லா இருந்துச்சு, அப்புறம் எதுக்குக் கவிதை?" என்றார். சிரிப்பு வேறு. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

மொட்டைமாடி:
பேசவே மாட்டேன். சைக்கிள்தான் அப்பா என்று மைக்கில் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு என்ன வேலை மிச்சம்?

ஆரல்மீன்:
அவ்வளவு கறாராக வேண்டாம். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. அவன் என்னோடு கூடிய அன்று சாட்சிக்கு யாருமே இல்லை, தினைத்தாள் போன்ற கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகுதான் இருந்தது என்கிறாள். அவன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறான், தலைவி தோழியிடம் சொல்கிறாள் என்று அதற்கு ஒரு குறிப்பு உண்டு. யார், யாரிடம், எப்போது, அவ்வளவுதான். மீன் மேலேயே கண்ணாக இருக்கும் குருகு என்ன சாட்சி சொல்லும் என்பதைக் குறிப்பு தொடுவதே இல்லை.

மொட்டைமாடி:
அந்தக் குறிப்பைக் கபிலரா எழுதினார்? பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டைப் பாருங்கள், 1922இல் அவருடைய 'பாழ்நிலம்' (The Waste Land) என்ற நெடுங்கவிதை பத்திரிகையில் வந்தபோது குறிப்புகளே கிடையாது, புத்தகமானபோது தானே எழுதிச் சேர்த்தார், 1956இல் தானே அதைப் போலிப் புலமை என்று கிண்டலும் செய்தார்.

ஆரல்மீன்:
சரி, யார் எழுதினால் என்ன, அளவு தெரிந்து எழுதியிருக்கிறார்கள். புதுவரி, ஒன்று கேட்கிறேன், அந்த பெல் கவிதையில் இருக்கிறதா?

புதுவரி:
இல்லை அண்ணா. பேச்சில்தான் வந்தது. கவிதையில் 'நினைவின் சக்கரங்கள்' என்று போட்டிருந்தேன்.

ஆரல்மீன்:
பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சக்கரத்தை எடுத்துவிட்டு பெல்லை உள்ளே வையுங்கள். முன்னால் ஒன்றும் பேச வேண்டியிருக்காது.